ஆபரேஷனுக்குப் பிறகு எவ்வளவு குறையும்?

(முன்னாள் மாணவர் சங்கக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



பம்ப் டிசைனில் புதிதாக என்ன வந்திருக்கிறது என்று பேசச் சொல்லித்தான் செயலாளர் அண்ணன் என்னைக் கூப்பிட்டார். பீளமேட்டில் நின்று பம்ப்பைப் பற்றிப் பேசுவது திருப்பூரில் பனியன் விற்பது மாதிரி என்று சொல்லி வேறு தலைப்புக் கேட்டேன். காரணம் உண்டு. கடந்த ஒரு வருஷத்தில் நம் பேட்சில் மட்டும் ஆறு பேர் எனக்குத் தனித்தனியாகப் போன் செய்தார்கள். ஆறு பேரும் முதலில் சொன்னது, "யாருகிட்டயும் சொல்லீராதடா." ஆறு பேரும் அடுத்துக் கேட்டது, "ஆபரேஷன் பண்ணினா எத்தன கிலோ கொறயும்?" ஆறு பேருக்குத் தனித்தனியாகச் சொன்னதை இன்று மைக்கில் சொல்லிவிடுகிறேன். பெயர்களை மட்டும் சொல்லமாட்டேன், பயப்படாதீர்கள்.

என்னைக் கல்லூரிக் காலத்தில் பார்த்தவர்களுக்கு என் பட்டப்பெயர் ஞாபகம் இருக்கும். அப்போதே 90 கிலோ. வேலை, கல்யாணம், ஷிப்டு, அவிநாசி ரோட்டு இரவுக் கடை எல்லாம் சேர்ந்து 118 ஆனது. உயரம் 170 செ.மீ. எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் பி.எம்.ஐ. 118-ஐ 2.89-ஆல் வகுத்தால் 40.8. நம் இந்திய உடல்வாகுக்கு 23-க்கு மேலே போனால் அதிக எடை, 25-க்கு மேலே போனால் பருமன் என்று 2009-ல் நம் நாட்டு நிபுணர்கள் வகுத்தார்கள். வெள்ளைக்காரர்களுக்கு அது 25, 30. நமக்கு ஏன் குறைவு என்றால், அதே எடையில் நமக்கு வயிற்றைச் சுற்றிக் கொழுப்பு அதிகம், சர்க்கரை நோய் சீக்கிரம் வருகிறது. எனக்கும் வந்தது. கூடவே தூக்கத்தில் மூச்சு அடைப்பு. இரவு முழுக்கத் தூங்கினாலும் பகலில் தூக்கம். ஹோப் காலேஜ் சிக்னலில் காரை நிறுத்தினால் பின்னால் ஹாரன் அடித்து எழுப்ப வேண்டிய நிலை. குறட்டை சிரிப்புக்குரிய விஷயம். ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு தூங்குவது அப்படி இல்லை.

இதற்கு முன்னால் நடையா, கொள்ளுக் கஞ்சியா, பேலியோவா, எல்லாம் பார்த்தாகிவிட்டது. 12 கிலோ குறையும், 14 கிலோ ஏறும். மனசில் உறுதி இல்லை என்பார்கள். இதில் உறுதியை விடக் கன்ட்ரோல் சிஸ்டம்தான் பெரிது என்பது பிறகு படித்தபோது புரிந்தது. 2002-ல் அமெரிக்காவில் சியாட்டிலில் ஓர் ஆய்வு செய்தார்கள். சாப்பாட்டைக் குறைத்து 6 மாதத்தில் 17 சதவீத எடையைக் குறைத்தவர்களின் ரத்தத்தில், பசியைக் கிளப்பும் கிரெலின் என்ற ஹார்மோன் 24 சதவீதம் ஏறியிருந்தது. அதாவது எடை குறையக் குறைய உடம்பு 'இன்னும் போடு' என்று கேட்கிறது. தெர்மோஸ்டாட்டை 118-ல் வைத்துவிட்டு ஜன்னலைத் திறந்து அறையைக் குளிர வைக்கப் பார்ப்பது மாதிரி. ஆபரேஷன் ஜன்னலைத் தொடுவதில்லை, தெர்மோஸ்டாட்டைக் கொஞ்சம் இறக்கி வைக்கிறது. கொஞ்சம் என்ற சொல்லைக் கவனியுங்கள். அங்கேதான் எதிர்பார்ப்பு எல்லாம் தடம் புரள்கிறது.

ஆபரேஷனில் இரண்டு வகை அதிகம் நடக்கிறது. ஸ்லீவ் என்பது இரைப்பையில் முக்கால் பங்குக்கு மேல் வெட்டி எடுத்துவிட்டு, ஒரு வாழைப்பழம் அளவுக்குக் குழாய் போல் விட்டு வைப்பது. கிரெலின் அதிகம் சுரக்கும் மேல்பகுதியும் அதோடு போய்விடும். பைபாஸ் என்பதை நம் ஊர்க்காரர்களுக்கு விளக்குவது இப்போது சுலபம். 2025 அக்டோபரில் திறந்த ஜி.டி. நாயுடு மேம்பாலத்தில் உப்பிலிபாளையத்தில் ஏறினால் கோல்டுவின்ஸில் இறங்கலாம், 10 கி.மீ. தூரமும் கீழே இருக்கும் பீளமேட்டைத் தொடாமல். பைபாஸில் இரைப்பையின் மேல்நுனியில் சுமார் 30 மில்லி கொள்ளும் ஒரு சின்னப் பையை மட்டும் பிரித்து, அதைச் சிறுகுடலின் கீழ்ப்பகுதியோடு நேரே இணைப்பார்கள். மீதி இரைப்பையும் சிறுகுடலின் முதல் பகுதியும் இருக்கும், ஆனால் உணவு அந்தப் பக்கம் போகாது. சர்க்கரை நோய் தீவிரமாக இருப்பவர்களுக்கும், நெஞ்செரிச்சல் அதிகம் உள்ளவர்களுக்கும் பெரும்பாலும் பைபாஸைச் சொல்வார்கள். எனக்கு நடந்தது ஸ்லீவ். இரண்டுமே லேப்ராஸ்கோப்பியில், வயிற்றில் சில சிறு துளைகள் வழியாக. இந்த வித்தைக்காகக் கோயமுத்தூரைத் தேடி வெளியூர்க்காரர்கள் வருவது புதிது அல்ல. 1990களிலேயே டாக்டர் சி. பழனிவேலு அவர்கள் அந்தப் பெயரை நம் ஊருக்கு வாங்கிக் கொடுத்துவிட்டார். ஆனால் உங்களுக்கு எந்த ஆஸ்பத்திரி, எந்த டாக்டர் என்று என்னிடம் கேட்காதீர்கள். அது உங்கள் ரிப்போர்ட்டைப் பார்த்து முடிவு செய்ய வேண்டியது.

சரி, எத்தனை கிலோ?

என் மனசில் இருந்தது 70. பி.எம்.ஐ. 25-க்குக் கணக்குப் போட்டால் 72 கிலோ வரும். இரண்டு கிலோ போனஸாகச் சேர்த்துக்கொண்டேன். டாக்டர் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டுப் பேனாவால் 85 முதல் 90 என்று எழுதினார். "இது வந்தா நாங்க வெற்றின்னு எழுதுவோம். நீங்க என்ன எழுதுவீங்கன்னு யோசிச்சுட்டு வாங்க" என்றார். ஸ்லீவிலும் பைபாஸிலும் மொத்த எடையில் 25 முதல் 30 சதவீதம் குறைவது பொதுவாக எதிர்பார்க்கக்கூடியது. 118-ல் 25 சதவீதம் 29.5. 30 சதவீதம் 35. அவர்கள் வேறு மாதிரியும் கணக்கிடுவார்கள்: 72-க்கு மேலே இருக்கும் 46 கிலோ அதிகப்படி, அதில் 60, 70 சதவீதம் போகும் என்று. எப்படிக் கணக்குப் போட்டாலும் அதே 30 கிலோ அக்கம்பக்கம்தான் வருகிறது.

இந்த எதிர்பார்ப்பு விவகாரத்தை 1997-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்திருக்கிறார்கள். ஆபரேஷன் இல்லை, உணவுக் கட்டுப்பாட்டு சிகிச்சைக்கு வந்த 60 பெண்களிடம் எவ்வளவு குறைய வேண்டும் என்று கேட்டார்கள். சராசரியாக 32 சதவீதம் என்றார்கள். எவ்வளவு குறைந்தால் ஏமாற்றம் என்றும் கேட்டார்கள். சுமார் 17 கிலோ குறைந்தால் ஏமாற்றம் என்றார்கள். சிகிச்சை முடிவில் சராசரியாக 16 கிலோ குறைந்தது. ஏறத்தாழ பாதிப் பேர், தாங்களே 'ஏமாற்றம்' என்று குறித்த எடையைக்கூட எட்டவில்லை. 16 கிலோ குறைத்துவிட்டு ஒருவர் அழுதுகொண்டு வீட்டுக்குப் போகிறார் என்றால் குற்றம் தராசிலா இருக்கிறது?

இனி என் கிராப். மெக்கானிக்கல்காரன் என்பதால் நோட்டில் போட்டு வைத்திருக்கிறேன். முதல் இரண்டு வாரத்தில் 8 கிலோ. வீட்டில் எல்லோருக்கும் கொண்டாட்டம். மூன்றாவது வாரம் தராசு முள் அசையவே இல்லை. தண்ணீரும் கஞ்சியும் மட்டும் குடிக்கிறேன், 9 நாள் ஒரு கிராம் குறையவில்லை! தையல் விட்டுப்போச்சோ, வயிறு பழையபடி விரிந்துவிட்டதோ என்றெல்லாம் ராத்திரியில் மனசு ஓடியது. ஆபரேஷன் செய்துகொண்ட முக்கால்வாசிப் பேரும் இந்த மூன்றாவது வாரத்தில்தான் டாக்டருக்குப் பதறிப்போய்ப் போன் செய்வார்கள் என்று டயட்டீஷியன் அம்மா சிரித்தார்கள். முதலில் கரைவது ஈரலிலும் தசையிலும் சேமித்த கிளைக்கோஜன். ஒரு கிராம் கிளைக்கோஜன் சுமார் 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். அது கரையும்போது தண்ணீரும் போகிறது. அந்த வேகம் கொழுப்பின் வேகம் அல்ல. உடம்பு தண்ணீர்க் கணக்கைச் சரிசெய்துகொள்ளும் நாட்களில் கொழுப்பு கரைந்தாலும் தராசில் தெரியாது. பத்தாம் நாள் இறங்கத் தொடங்கியது.

மூன்று மாதத்தில் 97. ஆறு மாதத்தில் 90. ஒரு வருஷத்தில் 85. பதினைந்தாம் மாதம் 83, அதுதான் அடிமட்டம். பிறகு மெதுவாக ஏறி இப்போது, இரண்டரை வருஷம் முடிந்த நிலையில், 87. பி.எம்.ஐ. 30. அட்டவணைப்படி இன்றைக்கும் நான் பருமனானவன்தான். ஆனால் மூச்சு அடைப்பு மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். சர்க்கரைக்கு மூன்று மாத்திரை இருந்தது, ஒன்றில் நிற்கிறது. ஷாப் ஃப்ளோரில் இரண்டு மாடி ஏறிவிட்டு நின்று பேச முடிகிறது.

83-லிருந்து 87-க்கு ஏறியதைச் சொன்னவுடன் முன்வரிசையில் ஒருவர் முகம் மாறியதைப் பார்த்தேன். ஸ்வீடனில் 1987-ல் தொடங்கிய ஆய்வு இருக்கிறது. ஆபரேஷன் செய்துகொண்ட 2010 பேரையும் செய்யாத 2037 பேரையும் வருஷக்கணக்காகப் பின்தொடர்ந்தார்கள். எல்லா வகை ஆபரேஷனிலும் ஒன்று, இரண்டு வருஷத்தில் எடை அடிமட்டத்தைத் தொட்டு, பிறகு கொஞ்சம் ஏறி, அப்புறம் நிலைக்கிறது. பத்து வருஷத்துக்குப் பிறகு பைபாஸ் செய்தவர்கள் ஆரம்ப எடையில் 25 சதவீதம் குறைவாகவே இருந்தார்கள். அன்று வழக்கத்தில் இருந்த பட்டை கட்டும் ஆபரேஷனில் 14 சதவீதம். ஸ்லீவ் அந்த ஆய்வில் இல்லை. ஆக, கொஞ்சம் ஏறுவது வளைவின் இயல்பு. ஏறி ஏறிப் பழைய இடத்துக்கே போகிறது என்றால் அது வேறு, டாக்டரைப் பார்க்க வேண்டும்.

பயத்தைப் பற்றியும் பேச வேண்டும். என் மனைவி கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் டாக்டரிடம் கேட்ட கேள்வி: "செத்துப் போவாங்களா?" டாக்டர் கோபப்படவில்லை. 2009-ல் அமெரிக்காவில் 4,776 நோயாளிகளை வைத்து வெளியான பெரிய ஆய்வில் 30 நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம் என்றார். "ஆயிரத்துக்கு மூணு பேருங்களா? அந்த மூணுல இவரு இல்லைன்னு எழுதிக் குடுப்பீங்களா?" என்றாள். எழுதித் தர முடியாது என்றார். அந்த நேர்மைக்காகத்தான் அவரிடம் போனோம். 2024 ஏப்ரலில் சென்னையில் இந்த ஆபரேஷனின்போது ஓர் இளைஞர் இறந்து, அரசு விசாரணைக் குழு அமைத்ததைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அந்தச் செய்தியை வெட்டி வைத்துக்கொண்டு ஆபரேஷனே கூடாது என்று வாதாட என் சித்தப்பா வீட்டுக்கே வந்தார். அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. நன்றாக நடக்கும் ஒரு பையனைப் படுக்க வைத்துத்தான் இதைச் செய்கிறார்கள். தராசின் மறுதட்டில் வைக்க வேண்டியது அதே ஸ்வீடன் கணக்கு: சராசரியாக 11 வருஷத்தில் ஆபரேஷன் செய்யாத கூட்டத்தில் 129 பேர் இறந்தார்கள், செய்துகொண்ட கூட்டத்தில் 101 பேர். சும்மா இருப்பதற்கும் விலை உண்டு, அது பேப்பரில் வருவதில்லை.

கேட்டுக்கொள்ள வேண்டியவை: எங்கே ஐ.சி.யூ. இருக்கிறது, மயக்க மருந்து டாக்டர் இப்படிப்பட்ட உடம்புகளைப் பார்த்துப் பழகியவரா, கசிவு வந்தால் இரவு 2 மணிக்கு யார் வருவார்கள். இதைக் கேட்டால் கோபித்துக்கொள்ளும் இடத்தில் படுக்கவேண்டாம். இன்னொன்று, அழகுக்காகக் கொழுப்பை உறிஞ்சி எடுக்கும் லைப்போசக்ஷன் வேறு, இது வேறு. நம் ஊர்த் திண்ணைப் பேச்சில் இரண்டும் ஒன்றாகிவிடுகிறது.

மூன்றாம் மாதம் முடி கொட்டும். தலையணையில் கொத்துக் கொத்தாக. ஆறாம், ஏழாம் மாதம் நின்று திரும்ப முளைக்கும். புரதம் குறைந்தால் தாமதமாகும். ஒரு நாளைக்கு 60 கிராமுக்குக் குறையாமல் புரதம் வேண்டும் என்பார்கள். ஒருவேளைக்கு அரை டம்ளர் கொள்ளும் வயிற்றில், சைவக் குடும்பத்தில், 60 கிராம் எங்கே போவது? இட்லியில் கிடைக்காது. எங்கள் வீட்டில் பச்சைப்பயறு கடைந்தது முதலில், கொள்ளு அடுத்தது, பனீர், தயிர், சோறு கடைசியில் இடம் இருந்தால். ஐம்பது வருஷமாகச் சோற்றை நடுவில் குவித்துப் பருப்பை ஓரத்தில் ஊற்றிய என் அம்மாவுக்கு அந்தத் தட்டைப் பார்க்கவே பொறுக்கவில்லை. பி12, இரும்பு, கால்சியம், விட்டமின் டி மாத்திரை வாழ்நாள் முழுக்க. சைவக்காரர்கள் பி12 விஷயத்தில் இரட்டைக் கவனம். வாந்தி நிற்காமல் நாள் கணக்கில் போனால் 'சரியாப் போயிரும்' என்று இருக்கக்கூடாது. தயமின் குறைந்து நரம்பைத் தாக்கும். வேகமாக எடை குறையும்போது பித்தப்பையில் கல் சேரும், அதற்கு முதல் ஆறு மாதம் மாத்திரை கொடுப்பதுண்டு. பெண்கள் முதல் 12 முதல் 18 மாதம் கர்ப்பத்தைத் தள்ளிப்போட வேண்டும். கல்யாணத்துக்காக எடை குறைக்கும் வீடுகளில் இதை யாரும் பெண்ணிடம் சொல்வதில்லை. தோல் தொங்கும். எவ்வளவு உடற்பயிற்சி செய்தாலும் முழுக்கச் சுருங்காது. சட்டைக்குள் எனக்கு இன்னொரு சட்டை இருக்கிறது.

இன்றிரவு பார்ட்டிக்குத் திட்டமிட்டிருக்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. இந்த ஆபரேஷனுக்குப் பிறகு, முக்கியமாகப் பைபாஸுக்குப் பிறகு, மது ரத்தத்தில் வேகமாக ஏறும். இரண்டாம் வருஷத்தில் குடிப்பழக்கப் பிரச்சனை கூடுவதை 2012-ல் அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. சாப்பாடு கொடுத்துவந்த ஆறுதலை மனசு வேறு இடத்தில் தேடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

ஊர்ப் பேச்சுதான் எல்லாவற்றையும் விடக் கடினம். நம் பக்கத்தில் ஒருவன் மெலிந்தால் 'எளச்சுப் போயிட்டான்' என்பார்கள், அது நல்ல வார்த்தை அல்ல. "ஏனுங் தம்பி, சுகருங்களா? தொழில்ல எதும் நட்டமுங்களா?" என்று பொள்ளாச்சிக் கல்யாணத்தில் நான்கு பேர் கேட்டார்கள். விருந்தில் ஒப்புட்டு வேண்டாம் என்றால் சமையல்காரர் வரை வருத்தப்படுகிறார். என் அம்மாயிக்கு மட்டும் உண்மையைச் சொன்னேன். "வயித்த வெட்டி எறிஞ்சுட்டயா கண்ணு?" என்று ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு ஒரு கரண்டி பயறு வைத்துவிட்டு, போதுமா என்று கேட்டார். அதற்குமுன் அவர் வாயில் அந்தக் கேள்வி வந்ததே இல்லை.

விஷயம் தெரிந்தவர்கள் வேறு விதமாகச் சொல்வார்கள்: குறுக்கு வழி. உங்கள் மூட்டுக்கு ஆபரேஷன் செய்தால் குறுக்கு வழி இல்லை, இதயத்துக்கு ஸ்டென்ட் வைத்தால் குறுக்கு வழி இல்லை, இது மட்டும் எப்படிங்க? நிதின் கட்கரி 2011-லும், அருண் ஜெட்லி 2014-லும் செய்துகொண்டார்கள். நாட்டுக்கே தெரியும். நம் ஊரில் பக்கத்து வீட்டுக்கு 'ஹெர்னியா ஆபரேஷன்' என்கிறோம்.

யாருக்குச் செய்யலாம் என்ற வரையறை 1991-ல் அமெரிக்காவில் பி.எம்.ஐ. 40, அல்லது கூடவே நோய் இருந்தால் 35 என்று வகுக்கப்பட்டது. 2022-ல் உலக அளவிலான அறுவை மருத்துவர் சங்கங்கள் அதை 35-க்கும், சர்க்கரை போன்றவை இருந்தால் 30-க்கும் இறக்கின, ஆசியர்களுக்கு 27.5-லேயே யோசிக்கலாம் என்றன. இன்சூரன்ஸ் மட்டும் பழைய கோட்டில் நிற்கிறது. 2019-ல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வெளியிட்ட விதிப்படி 40, அல்லது 35-உடன் கடுமையான இதய நோய், மூச்சு அடைப்பு, கட்டுப்படாத சர்க்கரை போன்றவை இருந்தால்தான். டாக்டர் எழுதித் தர வேண்டும், மற்ற வழிகளை முயன்று பார்த்திருக்க வேண்டும். பல பாலிசிகளில் காத்திருப்புக் காலமும் உண்டு. பாலிசியை எடுத்து இன்றைக்கே படியுங்கள்.

ஊசி போட்டால் போதாதா என்று ஆறு பேரில் மூன்று பேர் கேட்டார்கள். 2025 மார்ச்சில் மௌன்ஜாரோவும் ஜூனில் வீகோவியும் இந்தியாவுக்கு வந்தன. வீகோவியில் இருக்கும் செமாக்ளூடைட் 68 வாரத்தில் சராசரி 15 சதவீதம் குறைத்தது. மௌன்ஜாரோவின் டிர்செபடைட், அதிக அளவு மருந்தில், 72 வாரத்தில் 21 சதவீதம். லேசான விஷயம் இல்லை. நான் முடிவெடுத்த நாளில் இவை கடையில் கிடைத்திருந்தால் முதலில் இதைத்தான் பார்த்திருப்பேன். ஆனால் செமாக்ளூடைட் ஆய்வில் ஊசியை நிறுத்தி ஒரு வருஷத்தில் குறைந்ததில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டது. மாதச் செலவை எத்தனை வருஷத்துக்குத் தாங்கும் என்று கணக்குப் போட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

மாணவர்களே, 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40 சதவீதத்துக்கும் ஆண்களில் 37 சதவீதத்துக்கும் எடை அதிகம். உங்கள் ஹாஸ்டல் வராந்தாவில் எண்ணிப் பாருங்கள். இஞ்ச் டேப் ஒன்று போதும்: இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 செ.மீ., பெண்ணுக்கு 80 செ.மீ. தாண்டினால் ஒருமுறை சர்க்கரை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் வயதில் ஆபரேஷனைப் பற்றி யோசிக்க வேண்டியவர்கள் மிகச் சிலர். அறையில் குண்டாக ஒருவன் இருந்தால் அவனுக்குப் பட்டப்பெயர் வைக்காதீர்கள் என்பது மட்டும் என் வேண்டுகோள். எனக்கு வைத்தவர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். இப்போது அவர்களில் இரண்டு பேர் எனக்குப் போன் செய்தவர்கள்.

நேரம் ஆகிவிட்டது, மணி அடிக்கச் செயலாளர் அண்ணன் கையை ஓங்கிவிட்டார். எனக்கு ஒருவேளைச் சாப்பாட்டுக்கு அரை மணி நேரம் ஆகும், மென்று மென்றுதான் சாப்பிட முடியும். மதியம் பந்தியில் கடைசி வரிசையில் இருப்பேன். மைக்கில் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் பக்கத்து இலையில் வந்து உட்காருங்கள்.